வால் தொய்வு

டாரல் பின் பம்பரின் மேல் ஏறி நின்று, கால்சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, "குதிக்கட்டுமா தலைவரே?" என்று கேட்டான்.

ஆர்வோ லாத்தி குனிந்து பம்பரைப் பார்த்தார். முப்பத்தொரு ஆண்டுகளாக இந்தக் கேள்விக்கு "ம், குதி" என்று சொல்லி வந்தவர் அவர்தான். ஆனால் அதெல்லாம் பிறத்தியார் பம்பர். இன்று டாரல் நிற்பது அவருடைய சொந்த டிரெய்லரின் பம்பர், பன்னிரண்டாம் எண். பழைய வெள்ளி நாரை உரிமையாளர் சங்கத்தில் டாரலுக்கு இருந்த ஒரே பதவி குதிப்பவர் என்பது. அதற்கு வேண்டிய ஒரே தகுதி இருநூற்று எண்பது பவுண்டு எடை. அந்தத் தகுதியை அவன் பொறுப்போடு பேணி வந்தான்.

வெள்ளி நாரை என்பது அறுபதுகளில் ஓஹாயோவில் செய்த டிரெய்லர். காரின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிற அலுமினிய வீடு. கட்டில், அடுப்பு, கழுவுதொட்டி எல்லாம் உள்ளேயே. நடுவில் சக்கரங்கள். சக்கரத்துக்குப் பின்னால் பத்தடி நீளத்துக்கு வால் அந்தரத்தில் நிற்கும். அங்கேதான் நோய். ஆண்டுகள் போகப் போக அடியில் ஓடும் இரும்புச் சட்டம் வால்பக்கமாய்த் தொய்ந்து இறங்கும், அலுமினியக் கூடு மட்டும் இறங்க மாட்டேன் என்று மேலேயே நிற்கும். இரண்டுக்கும் நடுவே விரிசல் விழும். பின் பம்பரில் ஒருவர் குதித்த பிறகு விரிசல் அரை அங்குலத்தைத் தாண்டினால் கதவில் சிவப்பு அட்டை, சிவப்பு அட்டை விழுந்தால் ஊர்வலத்தில் இடம் கிடையாது. இது சங்கத்தின் விதி, பிரிவு ஏழு. எழுதியவர் ஆர்வோ. விதிவிலக்கு இல்லை என்ற வரியை அடிக்கோடிட்டவரும் அவர்தான்.

சுப்பீரியர் ஏரிக்கரை முகாமில் நாளை காலை ஊர்வலம். சோதிப்பவருடையது என்பதால் இதுவரை ஊர்வலத்தில் சேராத பன்னிரண்டாம் எண் இந்த முறை முதலில் போக வேண்டும். உறுப்பினர் யாராவது இறந்துவிட்டால் அடுத்த கூட்டத்தின் ஊர்வலத்தில் அவருடைய டிரெய்லர்தான் முன்னால் போகும். முன்னிருக்கையில் இறந்தவரின் தொப்பி இருக்கும். முகாம் வாசலில் மணியடித்துப் பெயரைச் சொல்வார்கள். ஆர்வோவின் காரில் முன்னிருக்கையில் அவர் மனைவி ஐலியின் மஞ்சள் வைக்கோல் தொப்பி நானூறு மைல் பிரயாணம் செய்து வந்திருந்தது. பெல்ட்டும் போட்டுவிட்டிருந்தார். ஜனவரியில் ஐலி சமையலறையில் விழுந்தபோது அவர் டிரெய்லர் நிற்கும் கொட்டகையில் இருந்தார். காப்பி ஆறிவிட்டதே, வேறு கிடைக்குமா என்று கேட்க உள்ளே போனபோதுதான் தெரிந்தது.

"குதி," என்றார் ஆர்வோ.

டாரல் குதித்தான். பம்பர் கீழே போய் மேலே வந்தது. கூடு அசையவில்லை. விரிசலில் இரும்பு அளவுகோலை நுழைத்துப் பிடித்திருந்த லோர்னா குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்த்தாள்.

"சொல்லு," என்றார் ஆர்வோ.

"இன்னொரு தடவை குதி டாரல்."

"ஒரு தடவைதான் விதி," என்றார் ஆர்வோ.

"ஒரு அங்குலத்துக்கு மேல இருக்கு ஆர்வோ. எட்டுல ஒண்ணு கூட."

சுற்றி நின்ற சங்கத்தார் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். அத்தனை பேரும் ஏதோ ஒரு வருடம் இதே இடத்தில் நின்று ஆர்வோ வாயால் தங்கள் விரிசலின் அளவைக் கேட்டவர்கள். மேல்சட்டை முழுக்கப் பதக்கங்கள் குத்திய அந்த ஆட்களுக்கு இன்று அவருடைய அளவு காதுக்கு இனிமையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் காருக்குள் அந்தத் தொப்பி இருந்ததால் யாராலும் அதை ஒழுங்காக அனுபவிக்க முடியவில்லை.

லோர்னாவுக்கு மட்டும் தனிக் கணக்கு இருந்தது. ஆறு வருடங்களுக்கு முன்னால், அவள் கணவன் ஜீன் சக்கர நாற்காலியில் வந்த கூட்டத்தில், அவர்களுடைய டிரெய்லருக்கு ஆர்வோ சிவப்பு அட்டை மாட்டினார். இதுதான் ஜீனின் கடைசி ஊர்வலம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆர்வோவுக்கும் தெரியும். "எனக்கு வருத்தம்தான், ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே," என்றார் அன்று. எந்தச் சட்டத்தைச் சொன்னார், இரும்பையா பிரிவு ஏழையா என்று யாரும் கேட்கவில்லை. தன் டிரெய்லரைத் தானே சோதிக்கக் கூடாது என்பதும் அவர் எழுதிய விதி என்பதால், இந்த வருடம் அளவுகோல் லோர்னாவின் கைக்கு வந்திருந்தது.

"இது தொழிற்சாலையோட குத்தம்," என்றார் ஆர்வோ. குரல் தன்பாட்டுக்குச் சொற்பொழிவுக்கு ஏறியது. "நான் எத்தனை தடவை எழுதியிருக்கேன். குறுக்குச் சட்டத்துல பதினோரு அங்குலம் மிச்சம் பிடிச்சான் அந்த ஆளு..."

"தெரியும் தெரியும்," என்று பாதிப் பேர் முணுமுணுத்தார்கள். பதினோரு அங்குலக் கொள்கையைச் சங்கத்தின் காலாண்டு இதழில் முப்பத்தொரு ஆண்டு படித்தவர்கள். தொழிற்சாலையை மூடியே நாற்பது வருடம் ஆகிறது. வடிவமைத்தவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய பேத்தி நடத்தும் பூக்கடைக்கு ஆர்வோ ஒன்பது கடிதம் எழுதினார். ஒரே ஒரு முறை பதில் வந்தது, பூ ஏதாவது வேண்டுமா என்று.

"குத்தம் யாரோடதோ, ஒரு வழி இருக்கான்னு பாப்போம்," என்றாள் லோர்னா. "கூட்டையும் சட்டத்தையும் சேத்துப் பிடிக்கிற போல்ட்டு பின் கட்டிலுக்கு அடியிலதானே இருக்கு? அதை முறுக்கினா கொஞ்சம் ஏறும். அந்தப் பெட்டியைத் திறங்க."

"அது ஐலியோட பெட்டி."

"சாவி?"

ஆர்வோ காரைப் பார்த்தார். சாவி தொப்பியின் நாடாவில் கட்டியிருந்தது. டிரெய்லரை வாங்கிய வருடம் இருவரும் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. இருபத்திரண்டு அடி நீளத்தில் இரண்டு பேர் கொலை விழாமல் வாழ வேண்டுமென்றால் எல்லை வகுத்தாக வேண்டும். முன்பக்கமும் தரைக்குக் கீழே உள்ள அத்தனையும் அவருடையது. பின் கட்டிலுக்கு அடியில் வெளியிலிருந்து திறக்கும் பெட்டி மட்டும் அவளுடையது. நாற்பத்தொரு வருடத்தில் அவர் அதைத் திறந்ததில்லை. ஒரே ஒரு முறை கேட்டார், "அதுல என்னதான் வச்சிருக்க?" என்று. "கம்பளி," என்றாள். பின்னிக்கொண்டேதான் இருப்பாள், பொய்யாக இருக்க வழியில்லை.

சாவி இறுக்கமில்லாமல் திரும்பியது. கதவைத் தூக்கினார்கள்.

உள்ளே கம்பளிதான். முனையிலிருந்து முனை வரை, இடைவெளி விடாமல், கை அளவில் சின்னச் சின்ன உருண்டைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பின்னல் உறை, சிவப்பு, பாசிப் பச்சை, கோடு போட்டது, பழைய ஸ்வெட்டரைப் பிரித்துப் பின்னியது. தொண்ணூற்றொன்றில் காணாமல் போன தன் நீல ஸ்வெட்டரை ஆர்வோ ஏழெட்டு உருண்டைகளில் அடையாளம் கண்டுகொண்டார்.

டாரல் குனிந்து பார்த்தான். "இது என்ன, உருளைக்கிழங்குக்கெல்லாம் ஸ்வெட்டரா?" என்று கேட்டுக்கொண்டே ஒன்றை எடுத்தவன், "அம்மாடி," என்று இன்னொரு கையையும் கொடுத்தான்.

உறையை உருவினான். சாம்பல் நிறத்தில் ஏரிக்கரைக் கல். ஒரு பக்கத்தில் வெள்ளைப் பெயிண்டில், ஐலியின் சாய்ந்த சின்ன எழுத்து. லோர்னா வாங்கிக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் படித்தாள்.

"மூஸ் ஏரி. எம்பத்தி நாலு ஜூலை ஒன்பது. ஆ. அடியில்."

"ஆ. யாரு?" என்றான் டாரல். அப்புறம் அவனாகவே ஆர்வோவைப் பார்த்தான்.

இரண்டாவது கல். வேறு ஏரி, எண்பத்தேழு ஆகஸ்ட், நல்ல வெயில், ஆ. அடியில். மூன்றாவது. நயாகராப் பக்கம் ஏதோ ஓடைக்கரை, தொண்ணூறு, ஆ. அடியில். நான்காவது கல்லில் ஊர்ப் பெயர் நீளமாக இருந்ததால் இடம் போதாமல் அடியில் என்பதைக் கல்லின் அடியிலேயே எழுதியிருந்தாள்.

ஆர்வோவுக்கு ஒவ்வொன்றும் நினைவு வந்தது. நினைவு வந்தது என்றால் அந்த ஏரிகள் அல்ல. மூஸ் ஏரியில் எட்டில் மூன்று அங்குலம். எண்பத்தேழில் அது அரைக்கு வந்துவிட்டது, உள்ளே ஒரு இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைத்தார். தொண்ணூறில் பட்டையும் வளைந்தது. எந்த ஊருக்குப் போனாலும் வண்டியை நிறுத்தியதும் அவருடைய முதல் வேலை பழைய கம்பளத்தை விரித்து டிரெய்லருக்கு அடியில் படுப்பது. அங்கிருந்து பார்த்தால் சக்கரங்களுக்கு நடுவே ஒரு சாண் உயரத்தில் உலகம் தெரியும். அதில் ஐலியின் கான்வாஸ் காலணி கரைப்பக்கம் போகும். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வரும். அவர் தலைப்பக்கம் வந்து நிற்கும்.

"வர்றியா? தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு."

"இன்னும் அஞ்சே நிமிஷம். வால் மறுபடி இறங்கியிருக்கு ஐலி. எங்கிருந்துதான் இவ்வளவு பாரம் வருதுன்னே புரியல."

"தொழிற்சாலைக்காரன் செஞ்ச வேலைதானே," என்பாள். காலணி பின்பக்கமாய்ப் போகும். பெட்டிச் சாவி திரும்பும் சத்தம் கேட்கும்.

இப்போது அத்தனையும் ஒன்றின் மேல் ஒன்றாய் வந்து உட்கார்ந்தது. வால் தொய்ந்ததால் அவர் அடியில் கிடந்தார். அவர் அடியில் கிடந்ததால் அவள் தனியாகக் கரைக்குப் போனாள். தனியாகப் போனவள் ஒரு கல்லோடு வந்தாள். கல் ஏறியதால் வால் தொய்ந்தது. போதாக்குறைக்கு, வால் கனத்து டிரெய்லர் சாலையில் ஆடுகிறதென்று அவர் முன்பக்கத்தில் இரும்புப் பாளங்களை ஏற்றி வைத்தார். அதைப் பற்றியும் மூன்று கட்டுரை எழுதினார். முன்னால் அவருடைய இரும்பு, பின்னால் அவளுடைய கல், நடுவில் அச்சு. முழங்காலில் வைத்து இரண்டு முனையையும் அழுத்திய குச்சி மாதிரி, சட்டம் பாவம் என்ன செய்யும்? பதினோரு அங்குலக் கொள்கை நூற்று இருபத்து நான்கு இதழ்களோடு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், இறைச்சி அடைத்த பாஸ்டி சுடும் வாசனைக்கு நடுவே, உருளைக்கிழங்கு ஸ்வெட்டர்களிடம் தோற்றது.

யாராவது சிரித்திருந்தால் ஆர்வோ பிழைத்துக்கொண்டிருப்பார். சண்டை போட ஆள் கிடைத்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை.

"காலி பண்ணிட்டு மறுபடி அளப்போம்," என்றாள் லோர்னா. "பாரம் போனா ஏறும். அவரோட முன்பக்க இரும்பையும் இறக்கு டாரல்."

"நீ ஏன் இவ்வளவு மெனக்கெடற?" என்றார் ஆர்வோ.

"ஐலிக்காக. உங்களுக்காகன்னு நெனச்சுக்காதீங்க."

சங்கத்தார் வரிசையாக நின்றார்கள். செயலாளர், பொருளாளர், பதாகைக் குழுத் தலைவர், முன்னாள் பதாகைக் குழுத் தலைவர் என்று பட்டம் உள்ளவர் எல்லோரும் கைமாற்றிக் கைமாற்றிக் கற்களைப் புல்வெளிக்குக் கொண்டுபோனார்கள். முதலில் ஒவ்வொருவரும் உறையை விலக்கி உரக்கப் படித்தார்கள். "ஆ. அடியில்." "இதுலயும் அடியில்தான்." "இங்கயும்." கொஞ்ச நேரத்தில் படிப்பது நின்றுவிட்டது. வரிசையில் இருந்த மனைவிமார் தங்கள் தங்கள் கணவரைத் திரும்பிப் பார்த்தார்கள். கணவர்கள் கல்லைப் பார்த்தார்கள். எல்லோர் வீட்டிலும் ஒரு பழைய கம்பளம் இருந்தது.

நடுவில் ஒரு முறை டாரல், "தலைவரே, இது வேற மாதிரி இருக்கு," என்று கத்தினான். பாசிப் பச்சை உறை. தொண்ணூற்றாறு செப்டம்பர், இதே சுப்பீரியர் ஏரி. ஆ. வந்தான். அரை மணி நேரம். அதற்குக் கீழே கோடு ஒன்று இழுத்திருந்தாள், பிரிவு ஏழில் ஆர்வோ இழுத்தது போல. ஆர்வோ அந்தக் கல்லை வாங்கிச் சட்டைப் பையில் போட முயன்றார். பதக்கங்கள் வழிவிடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டார்.

பெட்டி காலியானபோது நாலு மணி. நானூற்றுப் பன்னிரண்டு கற்கள். லோர்னா போல்ட்டுகளை முறுக்கினாள். ஜாக்கி வைத்துத் தூக்கி இறக்கினார்கள். வால் உண்மையாகவே ஏறியிருந்தது. எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. டாரல் மறுபடி குதித்தான்.

லோர்னா ரொம்ப நேரம் குனிந்தே இருந்தாள்.

"எவ்வளவு?"

"அரை."

"லோர்னா."

"அரைன்னுதான் எனக்குத் தெரியுது. கண்ணாடி பழசு."

ஆர்வோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து தானே பார்த்தார். சட்டம் ஏற வேண்டிய மட்டும் ஏறிவிட்டது. மிச்சம் ஏறாது. நாற்பது வருடம் தாங்கிய இரும்பு, பாரத்தை இறக்கிவிட்டார்கள் என்று தெரியாமல் இன்னும் தாங்கிக்கொண்டே நின்றது. எட்டில் ஐந்து. அனுமதித்ததற்கு மேல் எட்டில் ஒன்று, ஒரு தீப்பெட்டிக் குச்சியின் கனம்.

"யாருக்குத் தெரியப் போகுது?" என்றான் டாரல். "விடுங்க தலைவரே. ஐலி முன்னால போகட்டும்." சங்கத்தார் தலையாட்டினார்கள். செயலாளர் தேர்ச்சிக்கான வெள்ளை அட்டையை எடுத்துப் பேனாவையும் திறந்துவிட்டார்.

ஆர்வோ நிமிர்ந்து லோர்னாவைப் பார்த்தார். "ஜீனோடது எவ்வளவு இருந்தது?"

"அதை ஏன் இப்போ கிளறுறீங்க?"

"எவ்வளவு?"

"உங்களுக்குத் தெரியாத அளவா? உங்க நோட்டுல இருக்கும்."

நோட்டு தேவைப்படவில்லை. "எட்டுல அஞ்சு," என்றார்.

லோர்னா அளவுகோலைக் கைக்குட்டையால் துடைத்தாள். அதில் துடைக்க ஒன்றுமில்லை. "அன்னைக்கு மழை," என்றாள் கடைசியில். "எப்படியும் ஜீன் ஊர்வலம் பூரா தூங்கித்தான் போயிருப்பான். நான்தான் ஜன்னல் வழியா எண்ணிட்டிருந்தேன். எழுபத்தாறு வண்டி."

"இருக்கறதை எழுது," என்றார் ஆர்வோ.

"ஆர்வோ, அடம் பிடிக்காதீங்க. நாளைக்கு ஒரே ஒரு நாள். அப்புறம் வருஷம் பூரா நேர்மையா இருங்க, யாரு வேணாம்னா?"

"எழுது லோர்னா."

அவள் எழுதவில்லை. அவரே சிவப்பு அட்டையை எடுத்து எண்ணை எழுதினார், தேதி போட்டார், கதவில் மாட்டினார். அட்டையின் நூல் ஒரு பக்கம் சாய்ந்தது. பழக்க தோஷத்தில் நேராக்கிவிட்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொள்ளவில்லை. தொய்ந்த சட்டத்தில் நிலை கோணிப் போய் எத்தனையோ வருடமாகிறது. ஐலி இடுப்பால் ஒரு இடி இடிப்பாள், சாத்திக்கொள்ளும். ஆர்வோ இடித்துப் பார்த்தார். அவருடைய இடுப்புக்கு அந்த இடம் தெரியவில்லை. கதவு திறந்தபடியே இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு மேல் வானம் பளிச்சென்று இருந்தது. டிரெய்லர்கள் பளபளவென்று ஒன்றன்பின் ஒன்றாய் முகாம் சாலையில் வரிசை கட்டின. லோர்னா தன் காரை நிறுத்தி இறங்கி வந்தாள்.

"தொப்பியைக் குடுங்க. என் முன்சீட்ல வச்சு முதல்ல போறேன். தொப்பிக்கெல்லாம் பிரிவு ஏழு கிடையாது, நான் படிச்சுப் பாத்துட்டேன்."

ஆர்வோ கரைக்குப் போகும் பாதையில் நின்றிருந்தார். ஒரு கையில் துணிப்பை. பதக்கச் சட்டையைக் கழற்றி விட்டிருந்தார், அதில்லாமல் ஆள் பாதியாகத் தெரிந்தார். தலையில் ஐலியின் மஞ்சள் வைக்கோல் தொப்பி, நாடா தாடைக்குக் கீழே.

"வெயிலா இருக்கு," என்றார்.

லோர்னாவின் உதடு ஒரு பக்கமாய்த் துடித்தது. சிரிப்பை அடக்கினாளா வேறு எதையாவதா, தெரியவில்லை. "உங்களுக்குப் பொருத்தமா இருக்கு தலைவரே," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

கரையில் முழுக்க உருண்டைக் கற்கள். காலை வைக்கவே கஷ்டமாக இருந்தது. இவ்வளவு பக்கத்திலா இருந்தது ஏரி என்று அவருக்கு ஆச்சரியம். அவர் படுத்துக் கிடந்த இடத்திலிருந்து நாற்பது அடி கூட இருக்காது. தண்ணீர் ஓரத்தில் ஒரு கட்டையில் உட்கார்ந்து பையைத் திறந்தார். பெட்டியின் கடைக்கோடியில் கிடந்த ஒரு கல்லைத்தான் கொண்டு வந்திருந்தார். அதன் உறை முடியவில்லை. பாதி பின்னி, ஊசிகள் இரண்டும் அப்படியே குத்தி நின்றன. போன செப்டம்பரில் எடுத்ததாக இருக்க வேண்டும். கல்லில் எழுத்து இல்லை. குளிர்காலத்தில் எழுதலாம் என்று வைத்திருப்பாள்.

எந்த ஊர்? போன செப்டம்பரில் மூன்று இடத்தில் தங்கினார்கள். மூன்று இடத்தின் அளவும் அவருக்கு எட்டில் ஒன்று பிசகாமல் தெரியும். கல் எந்தக் கரையுடையது என்று மட்டும் தெரியவில்லை. என்ன எழுதியிருப்பாள் என்பது தெரியும். ஜனவரியில் அந்தக் காலை நேரத்தில் காப்பி ஆறிக்கொண்டிருந்தபோது அவர் கொட்டகையில் எங்கே இருந்தார் என்பதற்கும் அதே சொல்தான்.

மேலே வாசலில் மணி அடித்தது. யாரோ ஐலி லாத்தி என்று உரக்கச் சொன்னார்கள். கார்கள் ஒவ்வொன்றாய் ஒலி எழுப்பின. ஆர்வோ திரும்பிப் பார்க்கவில்லை. கல்லை ஊசியிலிருந்து மெல்ல விடுவித்துத் தண்ணீரில் முக்கினார். சாம்பலாகக் கிடந்தது நனைந்ததும் செக்கச் சிவந்து, குறுக்கே ஒரு வெள்ளை வரி ஓடியது. தூக்கிப் பிடித்துப் பார்த்தார். காற்றுப் பட்டு ஓரத்திலிருந்து நிறம் மங்கிக்கொண்டே வந்து, கை நடுவில் மறுபடி சாம்பலானது. மறுபடி முக்கினார்.